அப்பா சோறு போட்டுக் கெடுத்துவிடுவாரா?

கேள்வி: நானும் மனைவியும் ஐ.டி.யில் வேலை பார்க்கிறோம். சென்னையில் ஒன்பதாவது மாடி ஃப்ளாட். ஐந்து மாதம் முன்பு ஒரு காப்பகத்திலிருந்து சிப்பிப்பாறை நாய் ஒன்றைத் தத்தெடுத்தோம். ஆண், மூன்று வயதிருக்கும். நெடுஞ்சாலை ஓரம் கழுத்தில் கயிற்றோடு கிடந்ததாம். ப்ரூனோ என்று பெயர் வைத்தோம். காலையும் மாலையும் பத்து நிமிடம் கீழே கூட்டிப்போகிறோம். பகலில் பால்கனியில் விட்டுப் பூட்டிவிடுவோம். சோபா, செருப்புகள், பால்கனிக் கதவின் கீழ்ப்பாதி எல்லாம் போய்விட்டது. ஊளையிடுகிறது என்று அசோசியேஷனில் புகார். பந்து வீசும் மெஷின், கீச்சுப் பொம்மைகள் என்று இதுவரை 14,000 ரூபாய் செலவழித்துவிட்டோம். டி.வி.யில் பறவை வீடியோவும் போட்டுப் பார்த்தோம். எதிலும் நிலைப்பதில்லை. அம்மா போன பிறகு அப்பா எங்களோடுதான் இருக்கிறார் (71 வயது, கழுகுமலைப் பக்கம், விவசாயம்). நாங்கள் வீட்டில் இருக்கும்போது நாய் அவர் அறை வாசலில் போய் அமைதியாகப் படுத்துக்கொள்கிறது. அவர் ‘செவலை’ என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறது, ப்ரூனோ என்றால் பார்ப்பதில்லை. பெயர் குழம்பிவிடுமோ என்று இருக்கிறது. சோறு போட்டுக் கெடுத்துவிடுவார் என்பதால் நாய் விஷயத்தில் தலையிட வேண்டாம் என்று அவரிடம் சொல்லியிருக்கிறோம். இதன் பொழுதுபோக்குக்கு எந்த மாதிரி பொம்மை சரிவரும்? அல்லது காப்பகத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பெயர் வேண்டாம், சென்னை.

பதில்: இந்தக் கடிதம் எனக்கு மாதத்துக்கு ஒன்றாவது வருகிறது. நாயின் பெயரும் சோபாவின் விலையும்தான் மாறும். 2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலி உரையில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று பெயர் சொல்லி, நம் நாட்டு நாய்களை வளர்க்கச் சொன்னார். நல்லதுதான். கரிசல் காட்டில் முயல் விரட்டிய இனத்தை ஒன்பதாவது மாடிக்குக் கொண்டுபோனால் அங்கே அது எதை விரட்டும் என்பதையும் யாராவது சொல்லியிருக்கலாம். தத்தெடுத்த நல்ல மனதைப் பாராட்டி நான் நாலு வரி எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அதைக் காப்பகத்துக்காரர்கள் போட்டோ எடுத்த அன்றே செய்திருப்பார்கள்.

உங்கள் கடிதத்தில் சோபாவுக்கும் செருப்புக்கும் தனியாக ஒரு வாக்கியம் இருக்கிறது. பெற்ற அப்பாவின் வயது, ஊர், தொழில் மூன்றும் ஒரு அடைப்புக்குறிக்குள் அடங்கிவிட்டன.

தம்பி, கழுகுமலை எங்கே இருக்கிறது? கோவில்பட்டிக்குப் பக்கத்தில். சிப்பிப்பாறை நாய் எந்தப் பக்கத்து நாய்? கோவில்பட்டி, சிவகாசி, விருதுநகர் என்று விரியும் அதே கரிசல் பூமி நாய். அந்த மண்ணில் எழுபது வருஷம் இருந்த ஒரு சம்சாரிக்கு இந்த நாயைப் பற்றித் தெரியாதது உங்கள் பொம்மைக் கடைக்காரனுக்கு என்ன தெரியும்? அவர் ‘செவலை’ என்று கூப்பிட்டது செல்லப் பெயர் என்று நினைத்துவிட்டீர்கள். அது நிறம். மாட்டையும் நாயையும் அந்தப் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அந்த நாய் கயிற்றோடு ரோட்டில் விடப்படுவதற்கு முன்னால் யாரோ ஒருவர் அதை அந்தத் தொனியில் கூப்பிட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் காது தூக்கியிருக்காது.

அப்புறம் அந்தச் சோறு. ‘சோறு போட்டுக் கெடுத்துவிடுவார்’ என்று எவ்வளவு சாதாரணமாக எழுதிவிட்டீர்கள். உங்களைச் சோறு போட்டுத்தானே வளர்த்தார்? இந்த நாயின் பாட்டன் பூட்டனெல்லாம் கம்பங்கூழும் கேப்பைக்களியும் சோறும் தின்று வளர்ந்தவைதான். வெறும் சோறு மட்டும் போதாது, உண்மை. சோற்றோடு அவித்த முட்டையோ எலும்பு நீக்கிய கோழிக்கறியோ சேர்ந்தால் அது கெடுதல் இல்லை. வெங்காயம், திராட்சை, சாக்லேட் கூடாது. வெந்த எலும்பு கூடவே கூடாது, அது சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். இதைச் சொன்னால் அவருக்கு ஒரு நிமிடத்தில் புரியும். ஒரு நிமிடம் உட்கார்ந்து சொல்ல நேரமில்லாமல், ‘நாய் விஷயத்தில் தலையிடாதீங்க’ என்று ஒரே போடாகப் போட்டுவிட்டீர்கள். அம்மாவும் இல்லை, நிலமும் கண்ணில் இல்லை. இந்த வீட்டில் தலையிட அவருக்கு வேறு என்னதான் மிச்சம் வைத்திருக்கிறீர்கள்?

இன்னொன்றும் எனக்கு விளங்கவில்லை. நீங்கள் இருவரும் காலையில் கிளம்பியதும் நாய் பால்கனியில், அப்பா அறையில். வீட்டில் ஆள் இருக்கும்போதே நாய் தனியாகக் கிடக்கிறது. நாய் இருக்கும்போதே ஆளும் தனியாகக் கிடக்கிறார். நடுவில் ஒரு கதவு. அதைத்தான் அது கீழ்ப்பாதி முழுக்கக் கடித்து வைத்திருக்கிறது. சோபாவைக் கடிக்கிற நாய்க்குப் பெரும்பாலும் வேலையில்லை என்று அர்த்தம். வெளியே போக விடாத கதவையும் நிலையையும் பிராண்டுகிற நாய்க்குப் பயம் என்று அர்த்தம். ஒரு முறை கயிற்றோடு விட்டுப்போனார்கள் அல்லவா, அந்தப் பயம். இந்த இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. இரண்டையும் ஒரே பொம்மையில் தீர்க்கப் பார்க்கிறீர்கள்.

நாயைப் பற்றி நாலு வார்த்தை. சிப்பிப்பாறை கண்ணால் வேட்டையாடுகிற இனம். தூரத்தில் அசைகிற ஒன்றைப் பார்த்த நொடியில் பாயும், கொஞ்ச தூரம் பேய் மாதிரி ஓடும், அப்புறம் மணிக்கணக்கில் தூங்கும். என் பெரியப்பா வீட்டில் இரண்டு இருந்தன. பகல் முழுக்கத் திண்ணைக்குக் கீழே செத்ததுபோலக் கிடக்கும். ஒரு ஓணான் அசைந்தால் போதும், திண்ணைக்குக் கீழே புழுதி மட்டும்தான் இருக்கும். பந்தை எடுத்துவந்து கையில் கொடுப்பது லாப்ரடார் செய்கிற வேலை, அதை அதற்காகவே வளர்த்தெடுத்தார்கள். உங்கள் செவலை அந்த மெஷினை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போயிருக்கும். அதில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. பறவை வீடியோவுக்குச் சிரிப்பு வரவில்லை. பால்கனியிலும் அதே கொடுமைதான். புறாவும் பைக்கும் தெருநாயும் பகலெல்லாம் கண்ணெதிரே ஓடுகின்றன, இது எட்டிப் பிடிக்க முடியாமல் கம்பிக்குள் நிற்கிறது. அது ஊளையிடாமல் வேறென்ன செய்யும்? ஒன்பதாவது மாடியில் ஒரு புறாவுக்காக அது கம்பியைத் தாண்டிவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தீர்களா? இன்றைக்கே வலை அடியுங்கள். ஆள் பக்கத்தில் இல்லாமல் அங்கே விடுவதை இன்றோடு நிறுத்துங்கள்.

முயல் வேட்டையை நான் நியாயப்படுத்தவில்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். வேட்டை போனது சரி, நாயின் காலும் கண்ணும் அப்படியேதானே இருக்கின்றன? சட்டம் என்றதும் இன்னொன்று. 1960 மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவில், வழக்கமாகக் கட்டியோ அடைத்தோ வைத்திருக்கும் நாய்க்குத் தேவையான நடமாட்டம் தராமல் உரிமையாளர் அலட்சியம் செய்வதும் வதைக் கணக்கில்தான் வருகிறது. நாளெல்லாம் பூட்டிவைத்து, பத்துப் பத்து நிமிடம் கீழே இறக்கி ஏற்றுகிற நீங்கள் அதைப் படித்துப் பாருங்கள். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. இல்லை, கொஞ்சம் பயமுறுத்தத்தான் சொல்கிறேன்.

இனிமேல் செய்ய வேண்டியது. காலை ஐந்து மணிக்கு எழுந்திருங்கள். அப்பா அதற்கு முன்பே எழுந்து உட்கார்ந்திருப்பார், கேட்டுப் பாருங்கள். மூன்று பேரும் கீழே போங்கள். கயிறு உங்கள் கையில் இருக்கட்டும். பூனை ஒன்று குறுக்கே ஓடினால் இந்த நாய் இழுக்கிற இழுப்பில் 71 வயது மனிதர் குப்புற விழுவார். ‘அப்பா இருக்கிறார், நாயை அவர் பார்த்துக்கொள்வார்’ என்று கடமையை அவர் தலையில் கட்டிவிட்டு நீங்கள் தூங்குவதற்கு நான் வழி சொல்லவில்லை. தத்தெடுத்தவர் நீங்கள். அவர் கூட வரட்டும், நாயைப் பார்த்து அவர் சொல்வதைக் கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு நிறைய இருக்கும்.

நடை முக்கால் மணி நேரமாவது இருக்க வேண்டும், வேகமாக வேண்டாம். மோப்பம் பிடிக்க நிற்கிற இடத்திலெல்லாம் நிற்க விடுங்கள், இழுத்துக்கொண்டு போகாதீர்கள். கழுத்துப்பட்டை அகலமாக இருக்கட்டும், கூடவே மார்புப் பட்டையும் போடுங்கள். இந்த இனத்துக்குக் கழுத்தைவிடத் தலை பெரிதில்லை, சாதாரணப் பட்டையிலிருந்து பின்னால் நகர்ந்து தலையை உருவிக்கொண்டு போய்விடும். திறந்தவெளியில் அவிழ்த்துவிடவே கூடாது. ஒன்றைக் கண்டு பாய்ந்துவிட்டால் அதன் காதில் ப்ரூனோவும் விழாது, செவலையும் விழாது. சுற்றிலும் வேலியோ சுவரோ உள்ள மைதானம் கிடைத்தால் வாரம் இரண்டு முறையாவது நீளக் கயிற்றில் ஓட விடுங்கள். வெயில் ஏறிய பிறகு தார் ரோட்டில் நடத்தாதீர்கள். புறங்கையை ரோட்டில் வைத்துப் பாருங்கள், உங்களால் தாங்க முடியாவிட்டால் அதன் பாதத்தாலும் முடியாது.

பொம்மை கேட்டீர்களே, ஒரு மூங்கில் கம்பு, ஒரு கயிறு, கயிற்று நுனியில் பழைய துணி. தரையோடு தரையாக இழுத்து ஓட்டுங்கள், விரட்டும். ஐந்து நிமிடம் போதும், கடைசியில் அது பிடித்துவிட வேண்டும், பிடிக்கவே விடாமல் ஏய்க்காதீர்கள். அப்புறம் தட்டில் சாப்பாடு வைப்பதை விடுங்கள். கோணிச்சாக்கைச் சுருட்டி மடிப்புக்குள் கறித்துண்டுகளைச் செருகுங்கள். அட்டைப்பெட்டிக்குள் பெட்டி வைத்து ஒளியுங்கள். தேங்காய்த் தொட்டியைக் கவிழ்த்து அடியில் முட்டைத்துண்டு வையுங்கள். அரைமணி நேரம் மூக்கால் தேடித் தின்ற நாய் தூங்கும். ஓட்டத்துக்கும் சாப்பாட்டுக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும், நெஞ்சு ஆழமான நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்கிற ஆபத்து உண்டு, அது உயிருக்கே வந்துவிடும். படுக்க மடித்த ஜமுக்காளம் போடுங்கள். உடம்பில் கொழுப்பில்லாததால் வெறும் டைல்ஸில் படுத்து முழங்கை காய்த்துப்போயிருக்கும், பாருங்கள்.

இந்த ஒளித்துவைக்கிற வேலைதான் அப்பாவுடையது. பகல் பதினொரு மணிக்கு ஒன்று, மூன்று மணிக்கு ஒன்று. நடுவில் கதவு திறந்திருக்கட்டும், நாய் அவர் அறைவாசலில் படுக்கட்டும். தனிமைப் பயம் ஒரே நாளில் போகாது. அப்பா ஒரு நிமிடம் வெளியே போய்த் திரும்பி வரட்டும், பிறகு இரண்டு நிமிடம், பிறகு ஐந்து. போனவர் திரும்பி வருவார் என்பது அதற்குப் பழக வேண்டும். சில வாரங்கள் ஆகும். அப்படியும் பிராண்டல் நிற்காவிட்டால் கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

உங்கள் அப்பாவுக்கு நாய் வேண்டாம் என்றால்? இருக்கலாம். ஊரில் நாய் வளர்த்தவர் எல்லோரும் கடைசிக் காலத்தில் நாயோடு இருக்க ஆசைப்பட வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அவரிடமே கேளுங்கள். ஐந்து மாதத்தில் ஒரு முறையாவது கேட்டதாக உங்கள் கடிதத்தில் இல்லை. வேண்டாம் என்றால் பகலுக்கு ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வையுங்கள், 14,000 ரூபாயை அதற்குச் செலவழித்திருக்கலாம்.

திருப்பிக் கொடுப்பது பற்றி. மேலே சொன்னதை மூன்று மாதம் செய்யுங்கள். அதன் பிறகும் முடியவில்லை என்றால் காப்பகத்தில் உண்மையைச் சொல்லி ஒப்படைக்கலாம், அதில் அவமானம் இல்லை. ஒரு நாள்கூட ஐந்து மணிக்கு எழுந்திருக்காமல் திருப்பிக் கொடுத்தால், கயிற்றோடு ரோட்டில் விட்டவருக்கும் உங்களுக்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியாது. ‘ஊருக்கு அனுப்பிவிடலாம், அங்கே இடம் இருக்கிறது’ என்று அடுத்த கடிதம் எழுதிவிடாதீர்கள். அங்கே இடம் இருக்கிறது, பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்? இருந்தவரை நீங்கள்தான் கூட்டிவந்துவிட்டீர்களே.

பெயர்க் குழப்பம் நாய்க்கு இல்லை. மாநகராட்சி உரிமத்தில் ப்ரூனோ என்றே இருக்கட்டும். வீட்டில் செவலை என்று கூப்பிடுங்கள். சரியாக எப்படிக் கூப்பிட வேண்டும் என்பதை அப்பாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அந்த ‘லை’யை அவர் கொஞ்சம் இழுப்பார் என்று நினைக்கிறேன்.