சீன எழுத்து: கட்டமாக வந்தால் ஒரு கோளாறு, கிறுக்கலாக வந்தால் வேறு

கேள்வி: Qt எனப்படும் க்யூட்டி 5 கருவித்தொகுப்பில் ஒரு புரோகிராம் எழுதியிருக்கிறேன். என் லினக்ஸ் கணினியில் சீன எழுத்துகள் ஒழுங்காகத் தெரிகின்றன. ஆங்கில விண்டோஸில் மெனு சரியாக வருகிறது. டெக்ஸ்ட் ஃபைலிலிருந்து படிக்கும் பெயர்கள் மட்டும் கிறுக்கல். இன்னொரு லினக்ஸ் கணினியில் மெனு உட்பட எல்லாமே வெற்றுக் கட்டம். இரண்டிலும் சீன ஃபான்ட் நிறுவிப் பார்த்துவிட்டேன், மாற்றமில்லை. எங்கே தவறு?

பதில்: உங்களிடம் இருப்பது ஒன்றல்ல, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு கோளாறுகள். இரண்டுக்கும் ஒரே மருந்தைக் கொடுத்ததால்தான் எதுவும் அசையவில்லை. கட்டம் என்றால் எழுத்து சரியாக வந்து சேர்ந்துவிட்டது, வரைவதற்கு உருவம் கிடைக்கவில்லை. கிறுக்கல் என்றால் எழுத்தே தப்பாக வந்திருக்கிறது. அதற்கு எத்தனை ஃபான்ட் போட்டாலும் அந்தத் தப்பான எழுத்தைத்தான் அழகாகக் காட்டும்.

முதலில் கண்ணை நம்பாமல் எண்ணைப் பாருங்கள். திரைக்கு அனுப்பும் இடத்துக்கு முந்தைய வரியில், சரத்தின் (எழுத்துத் தொடரின்) ஒவ்வொரு எழுத்துக்கும் உள்ள யூனிகோட் எண்ணை, அதாவது எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவாகக் கொடுத்திருக்கும் எண்ணை, லாகில் (பதிவு ஃபைலில்) அச்சிடுங்கள். சீனா என்ற பெயரைச் சீனத்தில் எழுதும்போது முதலில் வரும் எழுத்தைச் சோதனைக்கு எடுத்துக்கொள்ளலாம். அதன் எண் 20013. அது 20013 என்றே வந்தால் சரம் நலம். ஃபான்ட் பக்கம் போங்கள். அதற்குப் பதில் 228, 184, 173 என மூன்று எண்கள் வந்தால், யூடிஎஃப்-8 என்ற என்கோடிங்கில் (எழுத்தை பைட்டுகளாகச் சேமிக்கும் முறையில்) எழுதிய மூன்று பைட்டுகளை யாரோ மேற்கத்திய எழுத்துகளாகப் படித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். 63 வந்தால் அது கேள்விக்குறி. நடுவில் எங்கோ சீனம் தெரியாத என்கோடிங்குக்கு மாற்றியதில் எழுத்து அழிந்துவிட்டது. அந்த இடத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும், பிறகு சரிசெய்தால் திரும்பி வராது. 65533 வந்தாலும் கிட்டத்தட்ட அதே கதைதான்.

உங்கள் விண்டோஸில் 228, 184, 173 வரும் என்றே நினைக்கிறேன். க்யூட்டி 5-இல் ஃபைலைப் படிக்கும் பகுதியான டெக்ஸ்ட் ஸ்ட்ரீம், நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் அந்தக் கணினியின் இயல்பு என்கோடிங்கில் படிக்கும். லினக்ஸில் அது பெரும்பாலும் யூடிஎஃப்-8, ஆங்கில விண்டோஸில் 1252 என்ற மேற்கத்திய என்கோடிங். மெனு தப்பித்ததற்குக் காரணம், நிரலுக்குள் எழுதிய சரங்களை க்யூட்டி 5 யூடிஎஃப்-8 என்றே எடுத்துக்கொள்கிறது. ஃபைலைத் திறந்ததும் படிப்பதற்கு முன் ஸ்ட்ரீமின் கோடெக்கை (எந்த என்கோடிங் என்று சொல்லும் அமைப்பை) யூடிஎஃப்-8 என்று அமைத்தால் போதும், ஒரே வரி. க்யூட்டி 6-இல் இயல்பே யூடிஎஃப்-8 ஆகிவிட்டது. ஜாவாவும் 18-ஆம் பதிப்பில் அந்த வழிக்கு வந்தது. அதற்கு முந்தைய ஜாவாவில் இதே வலை விரித்தபடி இருக்கும்.

ஃபைல் சீன விண்டோஸில் உருவானது என்றால் கொஞ்சம் பொறுங்கள். பழைய நோட்பேட் இயல்பாக 936 என்ற கோட் பேஜில்தான் (விண்டோஸின் பழைய சீன என்கோடிங்) சேமிக்கும், அதில் நம் எழுத்து 214, 208 என்ற இரண்டே பைட்டுகள். அப்படிப்பட்ட ஃபைலை 936-இன் விரிவான வடிவமான ஜிபி18030 என்று சொல்லிப் படிக்க வேண்டும். தலைகீழாக, யூடிஎஃப்-8 ஃபைலை சீன விண்டோஸ் 936 என்று படித்தால் வருவதும் பெரும்பாலும் சீன எழுத்துகளாகவே இருக்கும், அர்த்தம்தான் இருக்காது. சீனம் படிக்கத் தெரியாதவருக்கு எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தோன்றும். எண்ணைப் பாருங்கள் என்று நான் அடம்பிடிப்பது இதற்காகவும்தான்.

விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் கம்பைலர் வைத்திருந்தால், யூடிஎஃப்-8 சுவிட்சைப் போட்டுவிடுங்கள். பிஓஎம் (யூனிகோட் என்று காட்ட ஃபைலின் தொடக்கத்தில் வைக்கும் குறி) இல்லாத சோர்ஸ் ஃபைலை அது கணினியின் கோட் பேஜில் படிக்கும். ஆங்கிலக் கணினியில் அதிர்ஷ்டவசமாக ஓடுவது, சீனக் கணினியில் சரத்தின் மூடும் மேற்கோள் குறியையே விழுங்கி, சம்பந்தமில்லாத பிழைச் செய்தியைக் கொடுக்கும்.

சரி, கட்டத்துக்கு வருவோம். அந்த லினக்ஸில் ஃபான்ட் உண்மையிலேயே பதிவாகியிருக்கிறதா என்று ஃபான்ட்டுகளைப் பட்டியலிடும் எஃப்சி-லிஸ்ட் (fc-list) கட்டளையில் சீன மொழியை வடிகட்டிப் பாருங்கள். பட்டியல் காலியாக இருந்தால் நோட்டோ சான்ஸ் சிஜேகே (சீனம், ஜப்பானியம், கொரியம் மூன்றுக்குமான ஃபான்ட்) நிறுவி, புரோகிராமை மூடித் திறங்கள். பட்டியலில் இருந்தும் கட்டம்தான் என்றால், உங்கள் புரோகிராம் சிஸ்டம் ஃபான்ட்டுகளைப் பார்க்கவே இல்லை. கன்டெய்னருக்குள் (தனக்கான ஃபைல்களோடு பிரித்து வைத்த சூழலுக்குள்) ஓடினால் அதற்குள்ளே ஃபான்ட் இருக்க வேண்டும். சிஸ்டம் ஃபான்ட்டுகளைத் தேடித்தரும் ஃபான்ட்கான்ஃபிக் நூலகம் இல்லாமல் கட்டிய க்யூட்டியும் இப்படித்தான், தன் சொந்த ஃபான்ட் ஃபோல்டரை மட்டுமே துழாவும். வெளியே விநியோகிக்கும் புரோகிராம் என்றால், நான் ஃபான்ட்டைக் கூடவே அனுப்பி, தொடங்கும்போது ஏற்றிவிடுவேன். நோட்டோவின் உரிமம் அதை அனுமதிக்கிறது. பல எம்பி கூடும்தான், ஆனால் ஒவ்வொரு பயனர் கணினியிலும் என்ன இருக்கிறதென்று ஊகிப்பதைவிட அது மேல்.

அப்படி அனுப்பும்போது எளிய சீனத்துக்கான எஸ்சி வகையையே எடுங்கள், ஜப்பானியத்துக்கான ஜேபி வேண்டாம். சீனமும் ஜப்பானியமும் பகிரும் பல எழுத்துகளுக்கு யூனிகோட் எண் ஒன்றுதான், உருவம் கொஞ்சம் வேறு. எலும்பைக் குறிக்கும் எழுத்தின் மேல்பகுதியில் உள்ள சிறு மூலை சீன அச்சில் ஒரு பக்கம், ஜப்பானிய அச்சில் மறுபக்கம். கட்டம் போய் எழுத்து வந்துவிட்டதே என்று நீங்கள் நிம்மதியாக இருக்கும்போது, சீனப் பயனர் ‘இது ஜப்பானிய எழுத்து மாதிரி இருக்கிறதே’ என்று புகார் அனுப்புவது இதனால்தான்.