பயோடெக் கேட்கும் மகளுக்குத் தீவன நொதித் துறை சரிவருமா?

ஐயா,

"பிளஸ் டூ முடித்த பெண், கோழித் தீவனத்தில் நஞ்சை முறிக்கும் நொதி செய்யப் போகிறேன் என்கிறாள், இதெல்லாம் ஒரு வேலையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வேலைதான். மக்காச்சோளத்தில் பூஞ்சை உண்டாக்கும் ஃபியூமோனிசின் என்ற நஞ்சை உடைக்கும் நொதியைப் பன்றித் தீவனத்தில் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் 2014-இலேயே அனுமதி தந்தது. ஒரு பாக்டீரியாவின் மரபணுவை ஈஸ்ட்டில் ஏற்றி அதைத் தயாரிக்கிறார்கள்.

ஆனால் மரபணு ஏற்றும் மேசையில் நாற்காலிகள் குறைவு. ஆள் தேடுவது அதற்கடுத்த இடங்களில். நொதித்தல் கலத்தில் பிக்கியா என்ற அந்த ஈஸ்ட்டுக்கு மெத்தனால் என்ற ஆல்கஹாலை ஊட்டும்போது அளவு மிஞ்சினால் செல் செத்துவிடும். காற்று குறைந்தால் மெத்தனால் செலவாகாமல் தேங்கும். செத்த செல்லிலிருந்து கசியும் புரோட்டியேஸ் என்ற புரதம் அறுக்கும் நொதி, செய்த நொதியையே அரித்துவிடும். பிறகு தீவன ஆலை. குருணை பிடிக்கும்போது நீராவிச் சூடு 80 டிகிரியைத் தாண்டும். அதைத் தாங்காத நொதி அங்கேயே வீண். தப்பித்தாலும் உலர்ந்த தீவனத்தில் அது சும்மாதான் கிடக்கும். தண்ணீர் கிடைக்கும் குடலில்தான் அதற்கு வேலை.

நம்மூர்த் தலைவலி அஃப்ளடாக்சின் என்ற இன்னொரு பூஞ்சை நஞ்சு. லாக்கேஸ் போன்ற நொதிகள் அதைச் சிதைக்க ஆய்வகத்திலேயே ஒரு நாளுக்கு மேலும் ஆவதுண்டு. கோழிக் குடலில் தீவனம் தங்குவதோ சில மணி நேரம். அதனால் இன்றும் நஞ்சை ஒட்டிப் பிடித்துக்கொள்ளும் பென்டோனைட் களிமண்தான் பெரும்பாலும் கை கொடுக்கிறது. ஆராய்ச்சிக்கு இடம் அங்கேதான் இருக்கிறது, பொறுமை இருந்தால்.

உடனடி வேலை பரிசோதனைக் கூடத்தில். நஞ்சு மூட்டை முழுக்கச் சீராகப் பரவியிருக்காது. ஒரு பிடியில் ஒன்றுமிருக்காது, அடுத்த பிடியில் எக்கச்சக்கம். பல மூட்டைகளில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, கலந்து, அரைத்து, பிறகுதான் நஞ்சின் அளவைக் காட்டும் எலைசா சோதனை. கருவி சரியாக இருந்தும் முடிவு தப்பாவது பெரும்பாலும் மாதிரி எடுக்கும் இந்தக் கட்டத்தில்தான். நாமக்கல்லில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் இருக்கிறது. விடுமுறைப் பயிற்சி கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள்.

பி.டெக் பயோடெக்குக்கு நீட் வேண்டாம், பொறியியல் கலந்தாய்வு போதும். மேலே படிக்க, மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை ஆதரவு பெறும் எம்.எஸ்சி, எம்.டெக் இடங்களுக்கு காட்-பி (GAT-B) என்ற நுழைவுத் தேர்வு. பட்டத்தோடு நிறுத்தினால் தொடக்கச் சம்பளம் கணினித் துறை அளவு எதிர்பார்க்காதீர்கள்.

கல்லூரி பார்க்கப் போகும்போது, ஃபெர்மென்டரை (நொதித்தல் கலத்தை) மாணவர்களே ஓட்டுகிறார்களா, கடைசி ஓட்டத்தின் பதிவேடு எங்கே என்று கேளுங்கள். பூட்டிய கண்ணாடி அறையைக் காட்டினால் வேறு கல்லூரி பாருங்கள்.