அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் ஏன் திகட்டுகிறது?
அமெரிக்கக் கல்லூரி அணிகள் ஆடும் ஃபுட்பால் (நம் கால்பந்து அல்ல, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்) டிவியில் இத்தனை வந்தும் பலருக்கு ஏன் ஆர்வம் போய்விட்டது என்று கேட்டிருக்கிறீர்கள். இத்தனை வருவதால்தான்!

முன்பெல்லாம் ஓர் அணி எத்தனை முறை டிவியில் வரலாம் என்பதற்கே கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பு வரம்பு வைத்திருந்தது. ஒக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் வழக்குப் போட, 1984இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தக் கட்டுப்பாட்டை உடைத்தது. அப்புறம் மடை திறந்த வெள்ளம்தான். சனிக்கிழமைத் திருவிழா, நவம்பரில் செவ்வாய், புதன் இரவுகளுக்கும் பரவிவிட்டது.

டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுபோய்ப் புள்ளி எடுப்பது) விழுந்ததும் விளம்பரம். ஆட்டத்தை மீண்டும் தொடங்கப் பந்தை உதைக்கும் கிக்ஆஃப் முடிந்ததும் மறுபடி விளம்பரம். விளம்பரம் முடியும்வரை ஆட்டம் நிற்கும்; மைதானத்துக்குப் போனவர் குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டு நிற்க வேண்டும். எனக்கு இதைவிட உறுத்துவது வேறு: ஒளிபரப்புப் பணத்துக்காகவே மேற்குக் கரையில் உள்ள லாஸ் ஏஞ்சலிஸின் யுசிஎல்ஏ பல்கலைக்கழகம் 2024இல் பிக் டென் என்ற கல்லூரி லீக்கில் சேர்ந்து, கிழக்குக் கரையின் நியூஜெர்சி வரை பறந்து போய் ஆடியது. பக்கத்து ஊர்ப் பகையில் இருந்த சுவாரசியம் அதில் எங்கே?