ஒற்று மிகுமா, மிகாதா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (வாசகி, திண்டுக்கல்): வல்லினம் மிகும் இடங்களைப் பள்ளியில் மனப்பாடம் செய்தோம். இப்போது எழுத உட்கார்ந்தால் எல்லாம் குழம்புகிறது. ஒரு க், ஒரு ப் விட்டுப்போனால் பொருளே புரியாமல் போய்விடுமா?

பதில்: பல இடங்களில் புரிந்துவிடும். சில இடங்களில் வேறு பொருளாகப் புரியும், சிக்கல் அங்கேதான். 'வேலை கொடு' என்றால் செய்வதற்கு வேலை கேட்கிறார்கள். 'வேலைக் கொடு' என்றால் வேல் என்னும் ஆயுதத்தைக் கேட்கிறார்கள். 'தந்த பலகை' யாரோ கொடுத்தது. 'தந்தப் பலகை' யானைத் தந்தத்தில் செய்தது. 'நடுகல்' வீரனுக்காக நட்ட கல். 'நடுக்கல்' நடுவில் கிடக்கும் கல்.

எல்லா விதிகளையும் ஒரே மூச்சில் படித்ததால்தான் இந்தக் குழப்பம். அன்றாடம் எழுதுவதற்கு முதலில் சில இடங்கள் கைவந்தால் போதும். 'ஐ' உருபுக்குப் பின் மிகும்: கதவைத் திற, பணத்தைக் கட்டு. 'கு' உருபுக்குப் பின் மிகும்: ஊருக்குப் போ. அந்த, இந்த, எந்த, அப்படி, இப்படி, எப்படி ஆகியவற்றுக்குப் பின் மிகும்: அந்தக் கடை, எப்படிச் செய்வது. இன்னொரு வினையை எதிர்பார்த்து நிற்கும் வினையெச்சம் அகரத்திலோ இகரத்திலோ முடிந்தால் அதற்குப் பின் மிகும்: வரச் சொல், தேடிப் பார். ஆக, என என்பவையும் அப்படியே: நன்றாகப் பேசு, எனக் கேட்டார். வினையெச்சம் உகரத்தில் முடிந்தால் அதற்கு முந்தைய எழுத்தைப் பாருங்கள். அது வல்லின மெய்யாக இருந்தால் மிகும்: எடுத்துக் கொடு, கேட்டுச் சொல். இல்லையென்றால் மிகாது: வந்து போ, செய்து கொடு.

நன்னூல் 'உயிர்முன் க ச த ப மிகும்' என்பதையே பொது விதியாக வைத்து, வேறாக விதிக்காத இடங்களுக்கு என்று வரம்பு கட்டுகிறது. ஆகவே மிகாத இடங்களைத்தான் கூடுதல் கவனத்தோடு படிக்க வேண்டும். எழுவாய்க்குப் பின் மிகாது: தம்பி படித்தான். வினையும் பெயரும் காலம் காட்டாமல் ஒட்டி நிற்கும் வினைத்தொகையில் மிகாது: ஊறுகாய், சுடுசோறு. சில, பல, எத்தனை, அத்தனை ஆகியவற்றுக்குப் பின் மிகாது. ஒரு பெயரை எதிர்பார்த்து நிற்கும் பெயரெச்சத்துக்குப் பின்னும் மிகாது: வந்த பையன், ஓடாத குதிரை. அந்த 'ஓடாத' என்பதில் கடைசித் 'த' கெட்டு 'ஓடா' என்று நின்றால் மட்டும் 'ஓடாக் குதிரை' என்று மிகும்.

விட்டுவிடுவதைப் போலவே, எதற்கும் போட்டுவைப்போம் என்று எல்லா இடத்திலும் ஒற்றைத் திணிப்பதும் பிழைதான். 'வந்தப் பிறகு', 'படித்தப் பாடம்' என்றெல்லாம் சுவரொட்டிகளில் பார்க்கிறோம். இரண்டும் பெயரெச்சம், 'வந்த பிறகு', 'படித்த பாடம்' என்பவையே சரி.

கேள்வி (வாசகர், கரூர்): நகராட்சிக்கு மனு எழுதினேன். படித்த நண்பர் 'ஒன்றும் புரியவில்லை' என்கிறார். எங்கே தவறு? "எங்கள் தெருவில் உள்ள பொதுக்குழாயில் கடந்த 2 மாதங்களாக தண்ணீர் வராமல் இருப்பதால் பலமுறை புகார் செய்தும் எந்த நடவடிக்கையும் எடுக்கப்படாமல் பெண்கள், முதியவர்கள் சிரமப்பட்டு வருவதை தாங்கள் கவனத்தில் கொண்டு குழாயை சரிசெய்து தருவதுடன் அதை சுற்றியுள்ள குப்பையையும் அகற்றி தரும்படி கேட்டுக்கொள்கிறோம்."

பதில்: மாதங்களாகத், வருவதைத், குழாயைச், அதைச், அகற்றித் என ஐந்து இடங்களில் ஒற்று விட்டுப்போயிருக்கிறது. ஐந்தில் மூன்று 'ஐ' உருபு. ஆனால் நண்பருக்குப் புரியாததற்கு அது காரணமில்லை.

தமிழில் முற்றுவினை கடைசியில் வரும். அதுவரை படிப்பவர் எல்லாவற்றையும் மனத்தில் தாங்கிக்கொண்டே வர வேண்டும். உங்கள் வாக்கியத்தில் முடிவு 'கேட்டுக்கொள்கிறோம்' என்பதில்தான் வருகிறது. நடுவில் 'வராமல் இருப்பதால்' என்ற காரணம் எந்த வினையைப் போய்ச் சேர்கிறது என்று பாருங்கள். தண்ணீர் வராததால் நடவடிக்கை எடுக்கவில்லை என்றும் படிக்க முடிகிறது. 'எடுக்கப்படாமல்' என்ற செயப்பாட்டு வினையோ எடுக்க வேண்டியவர் யார் என்பதை மறைத்துவிடுகிறது. 'கடந்த 2 மாதங்களாக' என்பதும் ஆகாது. கோப்பு மேசை மாறி அடுத்த மாதம் ஒருவர் படித்தால் கணக்கே மாறிவிடும். தேதி போடுங்கள். இப்படி எழுதிப் பாருங்கள்:

"எங்கள் தெருப் பொதுக்குழாயில் மார்ச் 3 முதல் தண்ணீர் வரவில்லை. மார்ச் 10, 24 ஆகிய தேதிகளில் நகராட்சி அலுவலகத்தில் புகார் கொடுத்தோம். புகார் எண்கள் கீழே உள்ளன. இதுவரை யாரும் வந்து பார்க்கவில்லை. குழாயைச் சரிசெய்து தர வேண்டும். அதைச் சுற்றிக் குவிந்துள்ள குப்பையையும் அகற்ற வேண்டும்."

கோரிக்கை இரண்டு, இரண்டும் தனித்தனி வாக்கியம். ஒரு வாக்கியத்தில் மூன்றாவது எச்சம் வந்துவிட்டால், முன்னதை முற்றுவினையாக்கி அங்கேயே நிறுத்திவிடுவது நல்ல பழக்கம்.

கேள்வி (ஆசிரியை, நாகர்கோவில்): 'ஒவ்வொரு மாணவர்களும்', 'பேருந்துகள் வருகிறது'. இவற்றை எப்படித் திருத்துவது?

பதில்: 'ஒவ்வொரு' ஒருமையைத்தான் ஏற்கும். 'ஒவ்வொரு மாணவரும்' அல்லது 'மாணவர்கள் ஒவ்வொருவரும்' என்று எழுதச் சொல்லுங்கள். பேருந்துகள் வருகின்றன, பேருந்து வருகிறது. எழுவாய்க்கும் வினைக்கும் நடுவே ஏழெட்டுச் சொற்கள் புகுந்தால் பெரியவர்களும் இதில் தடுமாறுகிறார்கள். எழுவாயை வினைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால் பிழை தானாகக் கண்ணில் படும்.

கேள்வி (வாசகர், சேலம்): வாழ்த்துகளா, வாழ்த்துக்களா?

பதில்: வன்தொடர்க் குற்றியலுகரத்துக்குப் பின், அதாவது 'வாழ்த்து' என்பதுபோல் வல்லின மெய்யைத் தொடர்ந்து சொல்லின் கடைசியில் குறுகி ஒலிக்கும் உகரத்துக்குப் பின் மிகும் என்பதைக் காட்டி 'வாழ்த்துக்கள்' என்பார்கள். 'கள்' தனிச்சொல் அன்று, விகுதி. ஆகவே மிக வேண்டியதில்லை என்பது மறுதரப்பு. நாங்கள் வாழ்த்துகள், எழுத்துகள், கருத்துகள் என்றே எழுதுகிறோம். பூக்கள், ஈக்கள், பசுக்கள், தெருக்கள் ஆகியவற்றில் ஒற்று கட்டாயம் வேண்டும்.

கேள்வி (அச்சகத் தட்டச்சர், விருதுநகர்): வாடிக்கையாளர் தரும் படியில் அடிக்கடி வரும் எழுத்துப்பிழைகள் எவை?

பதில்: 300ஐ 'முந்நூறு' என்று எழுத வேண்டும்; 'முன்னூறு' என்றால் முன் உள்ள நூறு. 500 ஐந்நூறு. துக்கச் செய்தியில் 'இரங்கல்'. 'இறங்கல்' கீழே வருவது. விளம்பரத்தில் 'அரிய வாய்ப்பு'. 'அறிய' என்றால் தெரிந்துகொள்ள. உயிரெழுத்துக்கு முன் 'ஓர்': ஓர் ஊர், ஒரு நகரம்.

கேள்வி (கல்லூரி மாணவி, மதுரை): பிழைதிருத்தும் மென்பொருளை நம்பலாமா?

பதில்: எழுத்துப்பிழைக்கு வாணி, சந்திப்பிழைக்கு நாவி இரண்டும் இணையத்தில் கிடைக்கின்றன, பயன்படுத்துங்கள். விட்டுப்போன ஒற்றுகளைக் காட்டிக்கொடுக்கும். காட்டும் ஒவ்வொன்றையும் விதியோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே ஏற்றுக்கொள்ளுங்கள். பொருள் மயக்கத்தை மட்டும் நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். 'புதிய வங்கிக் கணக்குப் புத்தகம்' என்பதில் ஒற்றுப்பிழை கிடையாது. ஆனால் புதியது வங்கியா, கணக்கா, புத்தகமா என்பது தெரியாது. 'வங்கிக் கணக்குக்குப் புதிய புத்தகம்' என்று அடையைத் தனக்குரிய பெயருக்குப் பக்கத்தில் நகர்த்தினால் சந்தேகம் தீர்ந்துவிடும்.