எழுபத்தொன்பதாம் மாடியிலிருந்து இறங்கியவர்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பெரிய சட்ட நிறுவனத்து வேலையை விட்டுவிட்டுச் சிகாகோ மாநகராட்சியின் சட்டத் துறைக்குப் போகிறேன் என்று மகள் சொன்ன நாளிலிருந்து உங்களுக்குத் தூக்கம் இல்லை. படிப்புக் கடன் பாதிக்கு மேல் நிற்கிறது. வரப்போகும் சம்பளமோ இப்போது வாங்குவதில் பாதிகூட இல்லை. "கேட்டால் வேலரி ஜாரெட்டைப் பாருங்கள் என்கிறாள், அவர் ஒபாமாவுக்கே ஆலோசகராக இருந்தவர், இவள் அங்கே போய் என்ன ஆகப்போகிறாள்?" என்று எழுதியிருக்கிறீர்கள். மகள் சரியான ஆளைத்தான் காட்டியிருக்கிறார். ஆனால் அந்தக் கதையில் நீங்களும் அவரும் பார்க்க வேண்டிய பகுதி வெள்ளை மாளிகை அல்ல, அதற்கு முந்தைய 22 ஆண்டுகள்.

ஜாரெட் ஸ்டான்ஃபோர்டில் உளவியல் படித்தவர். பிறகு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சட்டம் முடித்து, 1981-இல் சிகாகோவில் தனியார் வழக்கறிஞராகச் சேர்ந்தார். சில ஆண்டுகளில் சியர்ஸ் கோபுரத்தின் 79-ஆவது மாடியில் அவருக்குத் தனி அறை. சன்னலுக்கு வெளியே மிச்சிகன் ஏரி. எந்தத் தாய்க்கும் அதைப் பார்த்தால் மனம் குளிரும். அந்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து அழுததாக அவரே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். செய்கிற வேலையில் மனம் ஒட்டவில்லை. வீட்டில் கைக்குழந்தை, திருமண வாழ்க்கையும் முறிந்துகொண்டிருந்தது. நகரின் முதல் கறுப்பின மேயரான ஹெரால்டு வாஷிங்டனின் நிர்வாகத்தில் சேர்ந்து பார் என்று ஒரு நண்பர் சொல்ல, 1987-இல் மாநகராட்சிக்குப் போனார். அங்கே கிடைத்தது தடுப்புப் பலகைகளுக்கு நடுவே ஒரு சிறிய இடம். அதன் சன்னல் குறுகிய சந்து ஒன்றைப் பார்த்திருந்தது. முதல் நாளே தன் இடத்துக்கு வந்துவிட்டதாக உணர்ந்தேன் என்கிறார்.

அந்த ஆண்டு நவம்பரிலேயே வாஷிங்டன் மாரடைப்பால் இறந்துபோனார். யாரை நம்பிப் போனாரோ அவர் இல்லை. நீங்கள் பயப்படுவது இப்படி ஒன்று நடந்துவிடுமோ என்றுதானே? ஜாரெட் வேலையை விடவில்லை. நகரின் நிதி, நில வளர்ச்சி ஒப்பந்தங்களைக் கையாளும் பிரிவில் தங்கி வேலையைக் கற்றார். மேலதிகாரி செய்ய வேண்டியதையும் சேர்த்துச் செய்துகொண்டிருந்தவரை, வழிகாட்டியாக இருந்த மூத்த பெண்மணி ஒருவர்தான் "போய்ப் பதவி உயர்வு கேள்" என்று விடாமல் நச்சரித்தார். தயங்கித் தயங்கிக் கேட்டார், கிடைத்தது. நம் வீடுகளில் பெண்பிள்ளைகளுக்கு நன்றாக வேலை செய்யக் கற்றுத் தருகிறோம், வாய்விட்டுக் கேட்கக் கற்றுத் தருவதில்லை. உங்கள் மகளோடு பேசும்போது இந்த ஒரு சம்பவத்தை மட்டுமாவது சொல்லுங்கள்.

1991-இல், மேயர் ரிச்சர்டு டேலியின் அலுவலகத்தில் துணைத் தலைமை அலுவலராக இருந்தபோது, ஒரு விண்ணப்பம் ஜாரெட்டின் மேசைக்கு வந்தது. பெரிய சட்ட நிறுவனத்தை விட்டு வெளியேற நினைத்த இளம் வழக்கறிஞர். பெயர் மிஷெல் ராபின்சன். கொஞ்ச நேரம் பேசலாம் என்று தொடங்கிய நேர்காணல் ஒரு மணி நேரத்தைத் தாண்டியது. அங்கேயே வேலையைத் தருவதாகச் சொல்லிவிட்டார் ஜாரெட். மிஷெல் உடனே சம்மதிக்கவில்லை. தனக்கு நிச்சயமான மாப்பிள்ளையோடு ஒருமுறை உட்கார்ந்து பேச வேண்டும் என்றார். மூவரும் இரவு உணவுக்குச் சந்தித்தார்கள். மாப்பிள்ளை பராக் ஒபாமா. அன்று ஜாரெட் தேடியது நகராட்சிக்கு ஒரு நல்ல அலுவலரை. கிடைத்தது முப்பது ஆண்டுகளைத் தாண்டியும் நிற்கும் நட்பு. ஜனாதிபதியின் ஆலோசகர் பதவிக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. செனட் ஒப்புதலும் தேவையில்லை. இவரை நம்பலாம் என்று ஜனாதிபதிக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த நம்பிக்கை சிறிய அலுவலகங்களில்தான் சேர்கிறது.

நிர்வாகி என்ற பெயர் ஜாரெட்டுக்கு வந்ததும் இந்த நகராட்சி வேலை வழியாகத்தான். 1992 முதல் 1995 வரை நகரின் திட்டமிடல், வளர்ச்சித் துறைக்கு ஆணையராக இருந்தார். எந்தத் தெருவில் என்ன கட்டலாம், அதற்கு யார் குறுக்கே நிற்பார்கள் என்பதெல்லாம் அத்துபடி. அந்த அறிவுக்காகத்தான் குடியிருப்புகளைக் கட்டி நிர்வகிக்கும் ஹேபிடட் நிறுவனம் 1995-இல் அவரைச் செயல் துணைத் தலைவராக்கியது. 2007-இல் தலைமைச் செயல் அதிகாரியானார். இடையில் எட்டு ஆண்டுகள் நகரப் போக்குவரத்து வாரியத்தின் தலைவர். பிறகு சிகாகோ பங்குச் சந்தையின் தலைவர். 2009-இல் வெள்ளை மாளிகைக்குள் நுழைந்தபோது வயது 52. ஒபாமாவின் இரண்டு பதவிக்காலமும், எட்டு ஆண்டுகளும், மூத்த ஆலோசகராகவே இருந்தார்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு, அதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு மனமில்லை. ஹேபிடட் நிர்வகித்த ஓர் ஏழைக் குடியிருப்பின் மோசமான நிலை 2008-இல் செய்தித்தாள்களில் வந்தது. தேர்தல் நேரத்தில் அந்தக் கேள்வி ஜாரெட்டைத் தொடர்ந்தது. இப்படிப்பட்ட பதவிக்கு வருகிறவரின் பழைய வேலைகள் எல்லாம் வெளிச்சத்துக்கு வரும், சொத்துக் கணக்கைக் காட்ட வேண்டும், பதவியோடு நலன் மோதக்கூடிய பங்குகளை விற்க வேண்டும். பதவிக்கும் உத்தரவாதம் இல்லை. கோல்டுமன் சாக்ஸ் நிறுவனத்தின் தலைவராக இருந்த கேரி கோன் 2017 ஜனவரியில் டிரம்ப்பின் பொருளாதார ஆலோசகரானார்; எஃகு, அலுமினிய இறக்குமதி வரியில் கருத்து வேறுபட்டு 2018 மார்ச்சில் விலகலை அறிவித்தார். ஆகவே ஆலோசகர் பதவியைக் குறிவைத்து யாரும் வேலை மாறக்கூடாது. அந்த நகராட்சி வேலையே பிடித்திருந்தால் மட்டும் போகலாம்.

உங்கள் கணவர் நம் சென்னைப் பிள்ளை ஸ்ரீராம் கிருஷ்ணனைச் சொல்கிறார். எஸ்.ஆர்.எம்.மில் படித்து, மைக்ரோசாஃப்ட், ஃபேஸ்புக், ட்விட்டர் என்று வளர்ந்து, முதலீட்டு நிறுவனத்தில் இருந்தபோது 2024 டிசம்பரில் வெள்ளை மாளிகையின் செயற்கை நுண்ணறிவுக் கொள்கைக்கான மூத்த ஆலோசகராக அறிவிக்கப்பட்டவர். நிறுவனங்களிலேயே இருந்து போக முடியும் என்பது உண்மை. ஆனால் அவருக்கு அந்தத் துறை உயிராக இருந்தது. உங்கள் மகளுக்கு இப்போதைய வேலை அப்படியா? அவரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்; பதிலை இடைமறிக்காமல் கேளுங்கள்.

இனி கடன் கணக்கு. அவருடைய கடன் மத்திய அரசின் நேரடிக் கடனா, தனியாரிடம் மாற்றப்பட்டதா என்று முதலில் பார்க்க வேண்டும். அரசு வேலையில் முழுநேரம் இருந்துகொண்டு, வருமானத்துக்கேற்ற தவணைத் திட்டத்தில் 120 மாதத் தவணை கட்டினால் மிச்சக் கடனைத் தள்ளுபடி செய்யும் திட்டம் 2007 முதல் இருக்கிறது. வட்டி குறைகிறதே என்று தனியாருக்கு மாற்றியிருந்தால் அந்தச் சலுகை போய்விடும். மாற்றவில்லை என்றால் இனியும் மாற்ற வேண்டாம். இன்னொன்று: சிகாகோ நகராட்சி ஊழியர்கள் நகர எல்லைக்குள்தான் குடியிருக்க வேண்டும். புறநகரில் உங்களோடு இருக்கிறார் என்றால் வாடகையையும் கணக்கில் சேருங்கள். நியமனக் கடிதம் கைக்கு வராமல் ராஜினாமா வேண்டாம். ஆறு மாதச் செலவுக்குப் பணம் சேரும்வரை இப்போதைய இடத்திலேயே இருக்கட்டும். விலகும்போது நல்ல முறையில் விலகட்டும். அந்த நிறுவனத்துக்காரர்கள் நாளை எதிர்மேசையில் உட்காருவார்கள்.

கடன் அறிக்கையையும் நகராட்சி அனுப்பிய வேலை விவரத்தையும் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். எந்தப் பிரிவில் போடுகிறார்கள் என்று பார்த்துவிட்டு, வரும் சனிக்கிழமை மாலை நீங்கள், கணவர், மகள் மூவரும் இருக்கும்போது பேசுகிறேன்.