ஆதாரில் ஒரு பிறந்த தேதி, மார்க் ஷீட்டில் வேறொன்று: எதை மாற்றுவது?

ஆதாரிலும் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலும் பிறந்த தேதி வேறுவேறாக இருக்கிறது, எதை மாற்றுவது என்று கேட்டிருக்கிறீர்கள். மார்க் ஷீட்டில் இருப்பதுதான் சரியான தேதி என்கிறீர்கள். அப்படியானால் ஆதாரைத்தான் திருத்த வேண்டும். "ஆதார் எல்லாவற்றிலும் இணைந்துவிட்டது, பேசாமல் மார்க் ஷீட்டை மாற்றிவிடு" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். ஆதார் அடையாளத்துக்குத்தான், பிறந்த தேதிக்குச் சான்று அல்ல. 2024 ஜனவரியில் பி.எஃப். அமைப்பே பிறந்த தேதிக்கான ஆவணப் பட்டியலிலிருந்து ஆதாரை எடுத்துவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றமும் வயதைக் கணக்கிடப் பள்ளிச் சான்றிதழைத்தான் ஏற்றுக்கொண்டது.

ஆனால் ஒன்று. பிறந்த தேதியைத் திருத்த ஆதாரில் ஒரே ஒரு முறைதான் வாய்ப்பு. அதை நாங்கள் கோட்டைவிட்டோம்.

அப்பாவின் ஆதாரில் 01/01/1964 என்று இருந்தது. முகாமில் பதிந்தபோது பிறந்த வருடத்தை மட்டும் வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் 05.06.1964. திருத்தப் போன இடத்தில், தட்டச்சு செய்தவர் நாளையும் மாதத்தையும் மாற்றி 06/05 என்று போட்டுவிட்டார். நாம் சரிபார்ப்பதற்காகவே நம் பக்கம் திரும்பிய ஒரு திரை அங்கே இருக்கும். அப்பா கண்ணாடி போடவில்லை. நான் அசல்களை உறைக்குள் வைத்துக்கொண்டிருந்தேன். ரேகை வைத்தாயிற்று. வீட்டுக்கு வந்து ஒப்புகைச் சீட்டைப் பிரித்தபோதுதான் தெரிந்தது. அப்புறம் ஆதார் உதவி எண்ணான 1947-க்கு அழைத்து, விளக்கக் கடிதம் எழுதி, ஆதார் மண்டல அலுவலகத்தின் பதிலுக்காக மாதக்கணக்கில் காத்திருந்தோம். அதுவரை அப்பாவின் ஓய்வூதியப் படிவம் அப்படியே நின்றது. அந்த நாட்களில் அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அதனால் ரேகை வைப்பதற்கு முன் திரையில் உள்ள தேதியை நாள், மாதம், வருடம் என்று வாய்விட்டுப் படியுங்கள். பின்னால் வரிசை நிற்கிறதே என்று கூச்சப்படாதீர்கள்.

பிறந்த தேதித் திருத்தத்தை ஆன்லைனில் செய்ய முடியாது, ஆதார் மையத்துக்கு நேரில்தான் போக வேண்டும். மார்க் ஷீட், பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட் இவற்றில் ஏதாவது ஒன்றின் அசல் போதும், அதை அங்கேயே ஸ்கேன் செய்துகொள்வார்கள். ஜெராக்ஸ் உதவாது. பிறப்புச் சான்றிதழ் என்றால் அதில் உங்கள் பெயர் இருக்கிறதா பாருங்கள். நம்மில் பலருக்குப் பெற்றோர் பெயர் மட்டும்தான் இருக்கும், குழந்தையின் பெயரைச் சேர்க்காமலே விட்டிருப்பார்கள். முதலில் பிறப்பைப் பதிவு செய்த அலுவலகத்தில் பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்னொரு சிக்கல் இனிஷியல். ஆவணத்தில் இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக என்று இருந்தால் விண்ணப்பம் திரும்பிவிடக்கூடும். பெயரை முதலில் சரிசெய்யுங்கள், அதற்கு இரண்டு முறை அனுமதி உண்டு.

திருத்தம் ஏற்கப்பட்டதும் புதிய இ-ஆதாரை இறக்கிக்கொண்டு பான், வங்கி, பி.எஃப். மூன்றிலும் தேதி பொருந்துகிறதா என்று பாருங்கள். அவை தானாக மாறாது.