நைஜீரியாவின் நீதி அமைச்சர்கள்: கேள்வி பதில்

கேள்வி: நைஜீரியாவில் நீதி அமைச்சரும் அட்டர்னி ஜெனரலும் ஒரே ஆளாமே, அப்படியா சார்?

பதில்: ஆமாம். நம் நாட்டில் சட்ட அமைச்சர் வேறு, அட்டர்னி ஜெனரல் வேறு. அங்கே 1999 அரசியல் சட்டத்தின் 150ஆவது பிரிவு இரண்டையும் ஒருவரிடமே கொடுத்துவிட்டது. வழக்கறிஞராகப் பத்தாண்டாவது தகுதி பெற்றிருக்க வேண்டும். 174ஆவது பிரிவுப்படி, மத்திய சட்டங்களின் கீழ் நடக்கும் குற்ற வழக்கைத் தீர்ப்பு வருவதற்குள் எப்போது வேண்டுமானாலும் அவர் நிறுத்தலாம். ஆளுங்கட்சிக்காரர் கையில் இந்த அதிகாரம் இருந்தால் சந்தேகம் வராமல் இருக்குமா?

கேள்வி: சுதந்திரத்துக்குப் பின் முதலில் வந்தவர் யார்?

பதில்: டி. ஓ. எலியாஸ், 1960இல். 1966 ஜனவரி ராணுவப் புரட்சியில் பதவி போனது. அதே ஆண்டு இன்னொரு ராணுவ ஆட்சி திரும்ப அழைத்தது. 1972இல் தலைமை நீதிபதி. 1975 புரட்சி அதையும் பறித்தது. பிறகு ஹேக் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போய், 1982இல் அதன் தலைவராகவே ஆனார். வெளியே தள்ளியவர்கள் அவருக்கு நல்லதுதான் செய்தார்கள்!

கேள்வி: அண்ணே, "பன்னிரண்டே மூன்றில் இரண்டு மாநிலம்" என்கிறார்களே, அது என்ன கணக்கு?

பதில்: 1979 அதிபர் தேர்தல். ஜெயிக்க மொத்த வாக்கில் முதலிடம் மட்டும் போதாது. குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு மாநிலங்களில் 25 சதவீதமும் வேண்டும். அப்போது மாநிலங்கள் 19. மூன்றில் இரண்டு பங்கு என்றால் 12.67. பதின்மூன்று என்றுதானே யாரும் எடுத்துக்கொள்வோம்? வாக்கில் முதலிடம் பிடித்த ஷெஹு ஷகாரிக்குப் பன்னிரண்டு மாநிலங்களில்தான் 25 சதவீதம் கிடைத்திருந்தது. பதின்மூன்றாவதாக வந்த கானோ மாநிலத்தில் சுமார் 20.

அவர் கட்சியின் வக்கீல் ரிச்சர்ட் அகின்ஜிடே ஒரு வாதம் வைத்தார்: பதின்மூன்றாவது மாநிலத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் தேவை, அதில் கால்வாசி, அதாவது ஆறில் ஒரு பங்கு வாக்கு போதும். அந்தக் கணக்கில் கானோ தாராளமாகத் தேறிவிட்டது. தோற்ற வேட்பாளர் அவோலோவோ வழக்குப் போட்டார். உச்ச நீதிமன்றப் பெரும்பான்மை ஷகாரி பக்கம் நின்றது. நீதிபதி கயோடே ஈசோ மட்டும் மாறுபட்டுத் தீர்ப்பெழுதினார். என் ஓட்டும் ஈசோவுக்குத்தான். அக்டோபரில் ஷகாரி அதிபரானார். அகின்ஜிடே நீதி அமைச்சர்.

கேள்வி: ராணுவ ஆட்சியை எதிர்த்துப் பேசிய அமைச்சர் ஒருவர்கூட இல்லையா?

பதில்: ஒலு ஓனகோருவா. மனித உரிமை வக்கீலாக இருந்துவிட்டு ராணுவ ஆட்சியாளர் அபாச்சாவின் அரசில் ஏன் சேர்ந்தார் என்று அன்றே பலர் திட்டினார்கள். 1994இல் வந்த அவசர ஆணைகள் தன்னைக் கேட்டுப் போட்டவை அல்ல என்று பகிரங்கமாகச் சொன்னார். வேலை போனது. 1996இல் அவர் மகன் சுட்டுக் கொல்லப்பட்டார்.

கேள்வி: பதவியிலேயே கொல்லப்பட்டவர்?

பதில்: போலா இகே. 2001 டிசம்பர் 23, இபாதானில் சொந்த வீட்டுப் படுக்கையறையில். காவலுக்கு இருந்த போலீசார் அந்த நேரம் சாப்பிடப் போயிருந்தார்கள். கடலோர எண்ணெய் வருமானம் யாருக்கு என்று 36 மாநிலங்களையும் எதிர்த்து மத்திய அரசு வழக்குப் போட்டது அவர் காலத்தில்தான். 2002 ஏப்ரலில் தீர்ப்பு வந்தபோது அவர் இல்லை. கொலைக்கு யாரும் தண்டிக்கப்படவில்லை. நாட்டின் நீதி அமைச்சர் கொலைக்கே இந்தக் கதி.

கேள்வி: பெண்கள் யாராவது?

பதில்: மத்தியில் இதுவரை இல்லை. பக்கத்திலிருக்கும் கானாவில் 2009இலேயே பெட்டி மோல்ட்-இத்ரிசு வந்துவிட்டார்.